அயலும் பதிலாளும்: முகவரி தேடும் நெறிமுறை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

கவிதையையும் நாவலையும் வாசிக்கும்போது அவற்றின் அடியிலுள்ள சமூக எடுகோள்களைத் தேடிக் காண்பது விமர்சனத்தின் கடமை என்பதை நாம் ஏற்றுக்கொண்டு நெடுங்காலமாகிவிட்டது. ஆனால், நாள்தோறும் நமது கடிதங்களையும் கணக்குகளையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் சுமந்து செல்லும் கணினி வலையமைப்பின் விதிகளை நோக்குமிடத்து, அவற்றை இயற்கை நியதிகள் போலக் கருதி வினாவின்றி ஏற்றுக்கொள்கிறோம். உண்மையில் அவ்விதிகளும் குறிப்பிட்டதொரு காலத்தில், குறிப்பிட்டதொரு சூழலின் தேவை கருதி மனிதரால் எழுதப்பட்டவையே. எழுதப்பட்ட எதுவும் வாசிப்புக்கும் விமர்சனத்துக்கும் உரியதாகும்.

இக்கட்டுரை அத்தகைய ஆவணம் ஒன்றை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. இணையத்தின் நெறிமுறைகளைப் பதிவுசெய்யும் எண்ணிடப்பட்ட ஆவண வரிசை ஆர்.எப்.சி. என வழங்கப்படும். அவ்வரிசையில் 826ஆம் எண் பெற்று 1982 நவம்பரில் வெளியான ஆவணமே, 'ஏ.ஆர்.பி.' எனப்படும் முகவரி தேடும் நெறிமுறையின் மூலநூல். அதனை எழுதியவர் டேவிட் சி. பிளம்மர். ஒரே வலைத்துண்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் கணினிகள் ஒன்றையொன்று எவ்வாறு கண்டறிகின்றன, அத்துண்டத்தின் எல்லையில் நிற்கும் வழிப்படுத்தி (பேச்சு வழக்கில் 'ரௌட்டர்') அங்கே எழும் கோரிக்கைகளை எவ்வாறு கையாளுகிறது என்பன இங்கு ஆராயப்படும். ஏ.ஆர்.பி. அயலாரிடையே உள்ள நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது என்பதும், அயல் எங்கே முடிகிறது என்பதை வழிப்படுத்தியின் நடத்தையே வரையறுக்கிறது என்பதும், அவ்வெல்லையை மறைக்கும் 'பதிலாள்' முறை வசதியைத் தந்து விளக்கத்தைப் பறிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

விளக்கத்துக்கு மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளும் துணையாகக் கொள்ளப்படுகின்றன. உவமை அழகுக்காக அன்று. எல்லை, அயல், துறை என்னும் கருத்துகளை இப்பிரதேச மாணவர் தம் வாழ்விலிருந்தே அறிவர் என்பதனாலாகும்.

2

முதலில் சொல்லாட்சி பற்றிய ஒரு சிக்கலைத் தீர்த்துக்கொள்ளுதல் வேண்டும். வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் இருவகை அடையாளங்கள் உள்ளன. தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் இரண்டையும் 'முகவரி' என்ற ஒரே சொல்லாலேயே சுட்டுகின்றனர். ஐ.பி. முகவரி, மக் முகவரி என அடைமொழி வேறுபட்டாலும் தலைச்சொல் ஒன்றாகவே இருப்பதால், இரண்டும் ஒரே பொருளின் இரு வடிவங்கள் என்ற மயக்கம் மாணவர்க்கு ஏற்படுகிறது. மயக்கம் இங்கே தொடங்கினால் ஏ.ஆர்.பி. எதற்காகத் தேவைப்படுகிறது என்பதே விளங்காது போய்விடும்.

ஐ.பி. முகவரி 32 பிட் நீளமுடையது. அது இடத்தைக் குறிப்பது. அதன் முற்பகுதி எந்த வலைத்துண்டம் என்பதையும், பிற்பகுதி அத்துண்டத்தினுள் எந்தக் கணினி என்பதையும் காட்டும். கணினி இடம் மாறினால் இம்முகவரியும் மாறும். மற்றையது 48 பிட் நீளமுடையது. வலையமைப்பு இடைமுகத்தைத் தயாரித்த நிறுவனத்தால் அளிக்கப்படுவது. அதன் முதல் 24 பிட்டுகள் தயாரிப்பாளரைக் குறிக்கும். வந்தாறுமூலையிலிருந்து கல்முனைக்குக் கணினியை எடுத்துச் சென்றாலும் அது மாறுவதில்லை. அது இருப்பிடத்தைப் பற்றி எதனையும் கூறுவதுமில்லை. எனவே முன்னதை 'வலை முகவரி' என்றும், பின்னதை 'இடைமுக அடையாளம்' என்றும் வழங்குதல் பொருத்தமாகும். இக்கட்டுரையில் இச்சொற்களே கையாளப்படுகின்றன.

செய்தி எங்கே போகவேண்டும் என்பதை வலை முகவரி சொல்கிறது. ஆயினும் ஒரே துண்டத்தினுள் அதனைக் கையளிக்கும்போது ஈதர்நெட் அறிந்தது இடைமுக அடையாளத்தை மட்டுமே. இடத்தை அறிந்தவர் ஆளை அறியாதிருக்கிறார். இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே பிளம்மர் தமது நெறிமுறையை எழுதினார்.

3

அவர் வகுத்த முறை எளிமையானது. ஒரு கணினி தன் துண்டத்திலுள்ள மற்றொன்றுக்குச் செய்தி அனுப்ப விரும்பினால், 'இந்த வலை முகவரிக்கு உரியவர் யார்?' என்று அத்துண்டம் முழுவதற்கும் கேட்கும்படி வினவுகிறது. வினாவோடு தன் வலை முகவரியையும் தன் இடைமுக அடையாளத்தையும் சேர்த்தே அறிவிக்கிறது. அனைவரும் கேட்கின்றனர், உரியவர் மட்டும் விடையளிக்கிறார். அவ்விடை வினவியவருக்கு மாத்திரம் தனியே செல்கிறது. வினவியவர் அதனைத் தன் அட்டவணையில் குறித்துக்கொண்டு, சிறிது காலத்துக்கு மீண்டும் கேளாது பயன்படுத்துகிறார். துண்டத்தை இணைக்கும் ஆளி (சுவிட்ச்) இந்தப் பொதுவினாவைத் தன் எல்லா வாயில்களிலும் பரப்பும்.

வழிப்படுத்தி அவ்வாறு பரப்புவதில்லை. இதுவே இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு. 'வழிப்படுத்தி' என்ற பெயரைக் கேட்டவுடன், முகவரிக் கோரிக்கையையும் அது அடுத்த வலையமைப்புக்கு வழிப்படுத்தும் என்று மாணவர் எண்ணிவிடுதல் இயல்பு. அது தவறான விளக்கமாகும்.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. மேற்கே வயல் நிலங்கள் விரிந்த பகுதி படுவான்கரை. எழுவான்கரைக் கிராமம் ஒன்றின் ஒழுங்கையில் நின்று ஒருவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவ்வயலில் உள்ளோர் அனைவருக்கும் கேட்கும். உரியவர் வெளியே வருவார். அக்குரல் வாவியைக் கடந்து படுவான்கரைக்குச் செல்வதில்லை. அக்கரையில் உள்ளவருக்குப் பொருள் அனுப்ப வேண்டுமாயின் அவரைக் கூப்பிடுவதில் பயனில்லை. துறைக்குச் செல்ல வேண்டும். இரு கரைக்குமிடையே மக்களையும் வாகனங்களையும் ஏற்றிச்சென்ற மிதவையை இப்பிரதேச மக்கள் 'பாதை' என்றே வழங்கினர். 2014இல் பாலம் திறக்கப்படும்வரை மண்முனைத் துறையில் போக்குவரத்து அதனாலேயே நடைபெற்றது. பாதையில் பொருள் ஏறிக் கடக்கும். குரல் ஏறிக் கடப்பதில்லை.

வழிப்படுத்தியின் நிலை துறைக்கு ஒப்பானது. வந்தாறுமூலையில் உள்ள ஒரு கணினி கல்லடியில் உள்ள மற்றொன்றுக்குச் செய்தி அனுப்புவதாக எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். அனுப்பும் கணினி முதலில் தன் வலை முகவரியின் முற்பகுதியையும் பெறுநரின் முற்பகுதியையும் ஒப்பிட்டு, பெறுநர் தன் அயலில் இல்லை என அறிகிறது. ஆகவே அது கல்லடிக் கணினியைப் பற்றி வினவுவதேயில்லை. 'என் துண்டத்தின் வழிப்படுத்திக்கு உரிய இடைமுக அடையாளம் எது?' என்றே வினவுகிறது. தன்னைப் பற்றிய வினாவாதலால் வழிப்படுத்தி விடையளிக்கிறது. அத்துண்டத்திலுள்ள வேறொரு கணினியைப் பற்றிய வினாவாயின் அது மௌனமாக இருக்கும்.

பொதி வழிப்படுத்தியை அடைந்ததும், அதனைச் சுற்றியிருந்த ஈதர்நெட் உறை அகற்றப்படுகிறது. மறுகரையில் பெறுநரின் இடைமுக அடையாளம் வழிப்படுத்தியின் அட்டவணையில் இல்லையாயின், அக்கரையின் இடைமுகத்தினூடாக அது தானே புதிதாக ஒரு வினாவை எழுப்புகிறது. விடை கிடைத்தபின் புதிய உறையிட்டுப் பொதியைக் கையளிக்கிறது. ஒரே பயணத்தில் இரண்டு வினாக்கள் எழுந்தன. இரண்டும் தத்தம் கரையிலேயே முடிந்தன. வலை முகவரிகள் பயணம் முழுவதும் மாறாதிருக்க, இடைமுக அடையாளங்கள் ஒவ்வொரு துண்டத்திலும் மாறின.

விடை வரும்வரை பொதியை என்செய்வது என்ற வினா பிற்கால ஆவணங்களில் தெளிவு பெற்றது. 1989இல் வெளியான ஆர்.எப்.சி. 1122, ஒரே முகவரிக்கான வினா வெள்ளமெனப் பெருகுவதைத் தடுக்க வேண்டும் என விதித்து, வினாடிக்கு ஒன்று என்ற அளவைப் பரிந்துரைத்தது. வழிப்படுத்திகளுக்கான தேவைகளைத் தொகுத்த 1995ஆம் ஆண்டின் ஆர்.எப்.சி. 1812, அட்டவணையில் பதிவு இல்லை என்ற காரணத்தினால் மட்டும் 'பெறுநரை அடைய இயலவில்லை' என்று அறிவித்துவிடக் கூடாது எனக் கூறிற்று. தேடாமலே இல்லை என்று சொல்லாதிருத்தல் என்னும் நெறி இங்கே விதியாயிற்று.

வழிப்படுத்தியின் மௌனத்தைக் குறைபாடாகக் கொள்ளலாகாது. ஒவ்வொரு துண்டத்தின் வினாவும் எல்லை கடந்து பரவுமாயின், உலகின் எந்த மூலையில் எழும் வினாவையும் ஒவ்வொரு கணினியும் கேட்டுப் பொருட்படுத்த வேண்டியிருக்கும். வினாவை அயலுக்குள் அடக்கியதனாலேயே இணையம் இவ்வளவு பெரிதாக வளர முடிந்தது.

4

இனி, மூல ஆவணத்தின் எடுகோள்களை நோக்குவோம். ஆர்.எப்.சி. 826 செய்தியைப் பெறும் கணினி என்ன செய்யவேண்டும் என்பதைப் படிப்படியாகக் கூறுகிறது. அப்படிகளின் வரிசை கூர்ந்து நோக்கத்தக்கது. அனுப்பியவரின் வலை முகவரி ஏற்கனவே அட்டவணையில் இருந்தால், புதிதாக அறிவிக்கப்பட்ட இடைமுக அடையாளத்தைக் கொண்டு அப்பதிவு உடனே திருத்தப்படுகிறது. அதன் பின்னரே 'இச்செய்தி எனக்குரியதா?' என்ற சோதனை நிகழ்கிறது. வந்தது வினாவா விடையா என்பது எல்லாவற்றுக்கும் இறுதியிலேயே பார்க்கப்படுகிறது. அதாவது, நம்புதல் முதலில், விசாரித்தல் பின்னர்.

கேளாத வினாவுக்கு வந்த விடையும் இவ்வாறு ஏற்கப்படலாம். விடையளித்தவர் உண்மையில் அம்முகவரிக்கு உரியவர்தாமா என்று சோதிக்கும் ஏற்பாடு எதுவும் ஆவணத்தில் இல்லை. பழைய பதிவுகளைக் காலங்கடந்ததும் நீக்குவது பற்றிய பிரச்சினையும் நெறிமுறையின் வரம்புக்கு அப்பாற்பட்டதென விடப்பட்டது.

இதனைப் பிளம்மரின் கவனக்குறைவு எனக் கொள்வது வரலாற்றுணர்வற்ற விமர்சனமாகும். 1982இல் ஒரு வலைத்துண்டம் என்பது பெரும்பாலும் ஓர் ஆய்வுகூடம் அல்லது ஒரு பல்கலைக்கழகக் கட்டடம். அதில் இணைந்திருந்த பொறிகள் சில. அவற்றை இயக்கியோர் ஒருவரையொருவர் அறிந்தவர். அச்சூழலில் அயலாரை நம்புவது இயல்பாயிருந்தது. திருத்தத்தை முதலில் ஏற்பதும் பயன் கருதியதே: பழுதடைந்த இடைமுகம் மாற்றப்பட்டால் புதிய அடையாளம் விரைவில் யாவருக்கும் தெரியவரும். அச்சமூகச் சூழல் மறைந்த பின்னரும் அதன் நம்பிக்கை விதியாக நிலைத்துவிட்டதே பிரச்சினை.

கிராமத்து ஒழுங்கையில் கூப்பிட்ட குரலுக்கு வேறொருவர் வந்து 'நான்தான் அவர்' என்றால், முகமும் குரலும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். வாவிக்கரையின் உவமை முறிகின்ற இடம் இதுவே. கணினிக்கு முகமில்லை; சொன்னதே அடையாளம். கிராமத்தின் நம்பிக்கையை எடுத்துக்கொண்ட நெறிமுறை, அந்நம்பிக்கையைக் காத்துநின்ற அறிமுகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. எனவேதான் விடுதியிலோ நூலகத்திலோ பலர் பகிரும் வலைத்துண்டத்தில், தீய நோக்குள்ள ஒருவர் வழிப்படுத்தியின் வலை முகவரி தன்னுடையது எனப் பொய் விடை பரப்பி, மற்றவர்களின் பொதிகளைத் தன்னூடாகச் செல்லச் செய்ய முடிகிறது. இதுவே ஏ.ஆர்.பி. நச்சூட்டல் எனப்படுகிறது.

இதற்கான பரிகாரங்கள் நெறிமுறைக்கு வெளியிலிருந்தே வந்தன. வலை முகவரிகளை வழங்கியபோது எழுதிக்கொண்ட பதிவோடு ஒவ்வொரு விடையையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைத் தள்ளிவிடும் ஆளிகள் உள்ளன. 128 பிட் முகவரிகளைக் கொண்ட ஐ.பி. ஆறாம் பதிப்பில் ஏ.ஆர்.பி. கைவிடப்பட்டு, அதனிடத்தில் 'அயலாரைக் கண்டறிதல்' என்னும் நெறிமுறை வைக்கப்பட்டது. 2007இன் ஆர்.எப்.சி. 4861 அதனை விவரிக்கிறது. இங்கே வினா எல்லோருக்கும் அன்றிச் சிறு குழுவொன்றுக்கே செல்கிறது. ஆயினும் விடையளிப்பவரை நம்பும் பழைய வழக்கம் பெரிதும் தொடர்கிறது. விடைக்குக் கையொப்பமிடும் முறையொன்று 2005இல் ஆர்.எப்.சி. 3971இல் வகுக்கப்பட்ட போதிலும் அது பரவலாக வழக்குக்கு வரவில்லை.

5

மேற்கூறிய பொய் விடையை, நல்ல நோக்கத்தோடு வழிப்படுத்தியே கூறுமாயின் அதனை எவ்வாறு மதிப்பிடுவது? 'பதிலாள் ஏ.ஆர்.பி.' எனப்படும் முறை இவ்வினாவை எழுப்புகிறது.

1980களின் நடுப்பகுதியில் பெரிய வலையமைப்புகளைச் சிறு துண்டங்களாகப் பிரிக்கும் முறை உருப்பெற்றது, 1985இன் ஆர்.எப்.சி. 950 அதனை நெறிப்படுத்திற்று. ஆனால் அன்று பயன்பாட்டிலிருந்த பல கணினிகளுக்குத் துண்டம் என்ற கருத்தே தெரியாது. முழு வலையமைப்பையும் தம் அயலாகவே அவை கருதி, அக்கரையில் உள்ளவரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் மென்பொருளை மாற்றுவது கடினமாயிருந்தது. 1984இல் ஜோன் போஸ்டல் ஆர்.எப்.சி. 925இல் விவாதித்ததும், 1987இல் கார்ல்-மிச்சலும் குவார்ட்டர்மனும் ஆர்.எப்.சி. 1027இல் விரிவாக எழுதியதும் இச்சிக்கலுக்கான தீர்வையே. அக்கரைக் கணினியைப் பற்றிய வினா எழுந்தால், அங்கு செல்ல வேறு இடைமுகத்தினூடாக வழி உள்ளதாயின், வழிப்படுத்தி தன் இடைமுக அடையாளத்தையே விடையாகக் கொடுக்கும். வினவிய கணினி, பெறுநரே விடையளித்ததாக எண்ணிப் பொதியை வழிப்படுத்தியிடம் ஒப்படைக்கும். துறையில் நிற்பவர், அக்கரையார் எவரைக் கூப்பிட்டாலும் 'நான்தான்' என்று கூறிப் பொருளை வாங்கிச் சேர்ப்பிப்பதைப் போன்றது இது.

இதன் பயனை மறுத்தல் நேர்மையாகாது. பழைய கணினிகள் மாற்றமின்றி இயங்கின. மாறிச் செல்லும் காலத்தில் இணைப்பு அறுபடவில்லை. சிஸ்கோ நிறுவனத்தின் வழிப்படுத்திகளில் இம்முறை இயல்பாகவே இயங்கும் நிலையில் வந்தது.

ஆயினும் இதற்குக் கொடுக்கப்படும் விலையும் உண்டு. அக்கரையில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வினா எழுவதால் பொதுவினாக்கள் பெருகுகின்றன, அட்டவணைகள் வீங்குகின்றன. நூறு வலை முகவரிகளுக்கு ஒரே இடைமுக அடையாளம் எழுதப்பட்டிருக்கும்போது, அது பதிலாளா, பொய்யரா என்று பிரித்தறிவது கடினமாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தவறாக அமைக்கப்பட்ட கணினியும் சரியாக இயங்குவது போலத் தோன்றுகிறது. தன் துண்டத்தின் எல்லையைத் தவறாக அறிந்த கணினியைப் பதிலாள் திருத்துவதில்லை. தவறோடு வாழப் பழக்குகிறது. என்றோ ஒருநாள் பதிலாள் நீக்கப்பட்டால் இணைப்பு அறுகிறது. அப்போது காரணம் எவருக்கும் விளங்குவதில்லை.

யார் யாருக்காகப் பேசுகிறார் என்ற வினா முற்போக்கு விமர்சனத்துக்குப் புதியதன்று. விவசாயிக்காக நிலவுடைமையாளர் பேசுவதும், படுவான்கரைக்காக நகரம் பேசுவதும் வேலையை விரைவாக முடிக்கக்கூடும். ஆனால் பேசப்பட்டவர் கண்ணுக்குத் தெரியாதவராகிவிடுகிறார். பதிலாள் முறைபற்றிய தொழில்நுட்ப விமர்சனமும் இதே இடத்துக்கு வந்து சேருகிறது. பதிலாள் இருக்கலாம், அவர் பதிலாள் என்பது இரு கரையாருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். பொது வழிப்படுத்தியை வெளிப்படையாக அறிவித்து, அதனிடமே ஒப்படைக்கும் இன்றைய வழக்கமான முறை இவ்வகையில் நேர்மையானது. கணினி அங்கே தான் யாரிடம் கொடுக்கிறது என்பதை அறிந்தே கொடுக்கிறது.

6

இவ்விமர்சனம் நமது தமிழ்க் கல்விச் சூழலுக்கும் பொருந்தும். க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தைத் தமிழில் கற்கும் மாணவர், பல்கலைக்கழகத்தில் அதனை ஆங்கிலத்தில் கற்க நேர்கிறது. இவ்விரு கரைகளுக்குமிடையே கலைச்சொற்களே துறையாக அமைகின்றன. சொல் பொருளைக் கொண்டுசேர்க்குமாயின் அது பாலம். பொருளை விளக்காது, பொருளின் இடத்தில் நின்று 'நான்தான்' என்று சொல்லுமாயின் அதுவும் ஒரு பதிலாளே. 'முகவரி' என்ற ஒரே சொல் இருவேறு கருத்துகளுக்கு விடையளிக்கும்போது நிகழ்வது இதுதான். மாணவர் பரீட்சையில் விடை எழுதிவிடுகிறார். வலையமைப்பு பழுதடையும்போது எங்கே பார்ப்பது என்பதை அறியாது நிற்கிறார்.

காரைதீவில் 1892இல் பிறந்து, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் கற்றவர். 1930களில் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணியில் தலைமைப் பொறுப்பு ஏற்றவர். இவ்வாவிப் பிரதேசத்துக்கு அத்தகைய மரபொன்று உண்டு. அம்மரபைப் போற்றுதல் என்பது விழா எடுப்பதோடு முடிவதன்று. பின்வந்த தலைமுறையின் பொறிகளையும் தமிழில் காரணகாரியத்தோடு விளக்குதலே அதன் தொடர்ச்சியாகும்.

அதற்கு மூன்று பணிகள் உடனடியாகத் தேவைப்படுகின்றன. முதலாவது, இட அடையாளத்தையும் பொறியின் அடையாளத்தையும் பிரித்துக்காட்டும் சொற்களைப் பாடநூல்களில் ஒரே சீராக வழங்குதல். இரண்டாவது, வழிப்படுத்தி எதனைக் கடத்துகிறது என்பதோடு எதனைக் கடத்துவதில்லை என்பதையும் கற்பித்தல். அதன் மௌனத்தை அறியாதவர் அதன் பேச்சையும் அறியார். மூன்றாவது, நெறிமுறைகளை மனப்பாடத்துக்குரிய விதிகளாகவன்றி, காலமும் இடமும் உள்ள பனுவல்களாக வாசிக்கப் பழக்குதல். கிழக்குப் பல்கலைக்கழகம் முதலாக நாட்டின் அரச பல்கலைக்கழகங்கள் 'லேர்ன்' என்னும் கல்வி வலையமைப்பினால் இன்று இணைக்கப்பட்டுள்ளன. மாணவர் ஆய்வுக்குரிய பொருள் அவர்தம் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது.

அயலாரை நம்புதல் நல்ல பண்பு. அந்நம்பிக்கை நிலைப்பதற்கு அயலாரை அறிந்திருத்தல் வேண்டும். 1982இன் ஆவணம் முன்னதை விதியாக்கி, பின்னதைச் சூழலிடம் விட்டுவிட்டது. சூழல் மாறிவிட்ட இன்று, அவ்வறிவைப் பெருக்குவது பொறியியலாளருக்கும் தமிழில் கற்பிப்போருக்கும் ஒருங்கே உரிய கடமையாகும்.